மாடிக் கம்பியும் மாயப் பேச்சும்

அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து ஏற்காடு சாலையில் நடந்து, இருபுறமும் உள்ள பழைய வீடுகளின் மாடிகளைச் சற்று அண்ணாந்து பாருங்கள். தட்டு வடிவ ஆண்டெனாக்களுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் இடையில், மீன் முள்ளைப் போன்ற அலுமினியக் கம்பிக் கூடு ஒன்றிரண்டு இன்னும் நிற்கக் காணலாம். அவற்றில் காக்கை உட்காருவதைத் தவிர வேறு பயன் இப்போது இல்லை. தரைவழித் தொலைக்காட்சி ஒளிபரப்பிகளைத் தூர்தர்ஷன் 2021, 2022 ஆண்டுகளில் நாடெங்கும் மூடிவிட்டது. எல்லைப்புறம் போன்ற முக்கியமான இடங்களில் மட்டும் சிலவற்றை விட்டுவைத்தது.

பின் ஏன் இப்போது அந்தக் கம்பியைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கம்பி போய்விட்டது, ஆனால் அதைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகள் போகவில்லை. 'எச்.டி. ஆண்டெனா', 'டிஜிட்டல் ஆண்டெனா', 'மாதச் சந்தா இல்லாமல் நூற்றுக்கணக்கான சானல்கள்' என்ற விளம்பரங்களோடு, அட்டை போன்ற மெல்லிய பொருள் ஒன்று இணையக் கடைகளில் விற்கப்படுகிறது. பழைய கம்பிக் காலத்தில் கேட்ட அதே பேச்சுத்தான் இது. ஆகவே அந்தப் பேச்சைப் பௌதிகத்தின் உரைகல்லில் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கம்பிக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுவோம். அது மிக அழகான கண்டுபிடிப்பு. ஜப்பானில் செண்டாய் நகரிலுள்ள தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் 1926-ஆம் ஆண்டு ஷிந்தாரோ உடா என்பவரும் அவருடைய பேராசிரியர் ஹிதெட்சுகு யாகியும் இதை வெளியிட்டனர். உழைப்பில் பெரும்பங்கு உடாவினுடையது. உலகில் நிலைத்த பெயரோ யாகியினுடையது. ஆங்கிலத்தில் 1928-இல் யாகி எழுதிய கட்டுரையே இதற்குக் காரணம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1942-இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படையினர், ஆங்கிலேயரின் ராடார் குறிப்புகளில் 'யாகி' என்ற சொல்லைக் கண்டு பொருள் புரியாமல் விழித்தார்களாம். அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்று சிறைப்பட்ட ஆங்கிலேயர் ஒருவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிற்காலத்தில் நம் மாடிகளில் நின்ற கம்பிக் கூட்டுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். லட்சக்கணக்கான வீடுகள் அதை வாங்கின. அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

அது வேலை செய்யும் விதம் இதுதான். கம்பிகளுள் ஒன்றே ஒன்றுதான் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைந்திருக்கும். நீண்ட கொண்டை ஊசியைப் போல மடிந்திருக்கும் அதற்கு மடிப்பு இருமுனையம் என்று பெயர். அதன் நீளம், வரும் அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி. சென்னையில் பயன்பட்ட 4-ஆவது அலைவரிசையை எடுத்துக்கொள்வோம். அது 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டை. நடுவில் உள்ள 65 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 4.6 மீட்டர், பாதி 2.3 மீட்டர். கம்பியின் பருமனுக்காகச் சற்றுக் குறைத்தால் 2.2 மீட்டர். இதற்குப் பின்னால் சற்று நீளமான கம்பி ஒன்று; அது எதிரொளிப்பான். முன்னால் சற்றுக் குட்டையான கம்பிகள், அவை நெறிப்படுத்திகள். இவை எதனோடும் இணைக்கப்படுவதில்லை. வரும் அலையால் தாமும் அதிர்ந்து, தம் பங்கை நடுக்கம்பிக்கு உரிய நேரத்தில் தட்டிவிடுகின்றன. முன்னாலிருந்து வருவது கூடுகிறது. பின்னாலிருந்து வருவது ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

இனி விமர்சனத்துக்கு வருவோம்.

"நெறைய கம்பி இருக்கிறதா பார்த்து வாங்குங்க" என்பது கடைத்தெருவில் பல்லாண்டு நிலைத்த அறிவுரை. இதில் உண்மை உண்டு. ஆனால் அரை உண்மை. கூட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் திறன், மிக நல்ல அமைப்பிலும் இருமடங்குதான். மின்னழுத்தத்தில் சொன்னால் 1.4 மடங்கு. நடைமுறையில் அதுவும் வராது. ஆனால் அதே கூட்டை 5 மீட்டர் உயரத்திலிருந்து 10 மீட்டருக்கு ஏற்றினால், சமவெளியில் மின்னழுத்தம் ஏறக்குறைய 2 மடங்காகும். அதாவது, இரும்புக் குழாய் ஒன்றை வாங்கிச் சேர்த்தவர், இன்னொரு ஆறு கம்பிகளை வாங்கிச் சேர்த்தவரை வென்றுவிடுவார். குழாயில் பளபளப்பு இல்லை என்பதால் அதை யாரும் பெருமையாகப் பேசவில்லை போலும்.

அடுத்தது பூஸ்டர். கூரை ஆண்டெனாக்களின் காலத்தில் இதைவிடத் தவறாகப் பயன்பட்ட பொருள் வேறில்லை என்று நான் கருதுகிறேன். "ஒரு பூஸ்டர் போட்டுடுங்க, சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பார்கள். போடுவார்கள், திரையில் பனிப்புள்ளிகள் முன்னைவிடப் பிரகாசமாகப் பொழியும்! ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் ஆண்டெனாவில் கிடைக்கும் சைகை 40 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட கேபிள் அதைப் பாதியாக்கி 20 ஆகப் பெட்டிக்குத் தருகிறது. பெட்டியின் முதல் நிலைச் சுற்றே உண்டாக்கும் இரைச்சல் 10 அலகு. ஆகவே சைகை இரைச்சலைப்போல் 2 மடங்கு, படம் சுமார். இப்போது 10 மடங்கு பெருக்கும் பூஸ்டர் ஒன்றை, பெட்டியின் பக்கத்தில், மேசைமேல் வைக்கிறீர்கள். அதுவும் மின்னணுச் சுற்றுதான். அதற்கும் 10 அலகு சொந்த இரைச்சல் உண்டு. அது 20 அலகுச் சைகையை 200 ஆக்கும்; தன் இரைச்சல் 10-ஐயும் 100 ஆக்கும். மறுபடியும் 2 மடங்குதான். செலவு செய்தீர்கள், மின்சாரம் செலவழித்தீர்கள், படம் அதே படம்.

அதே பூஸ்டரை மாடியில், ஆண்டெனாவின் காலடியிலேயே கட்டுங்கள். இப்போது 40 அலகு 400 ஆகிறது. கேபிளில் இறங்கி 200 ஆகிறது. பூஸ்டரின் இரைச்சல் 100 ஆகி, அதுவும் கேபிளில் பாதியாகி 50 ஆகிறது. பெட்டியின் சொந்த இரைச்சலான 10 இதன்முன் ஒரு பொருட்டல்ல. 200-க்கு 50: சைகை இரைச்சலைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு. பொருள் ஒன்றே, விலை ஒன்றே. வைத்த இடம்தான் வேறு. கேபிள் தின்பதற்கு முன் பெருக்கினால் பயன். தின்ற பின் பெருக்கினால் தின்றது திரும்பாது. ஊருக்குள்ளேயே ஒளிபரப்பி இருந்த இடங்களில் பூஸ்டர் இன்னொரு தீங்கும் செய்தது. வலிமையான சைகையை மேலும் பெருக்கிப் பெட்டியைத் திக்குமுக்காட வைத்து, படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகளை ஓட விட்டது.

பூஸ்டருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பகுதியே போதுமான இன்னொரு பொருளை மிகப் பலர் வாங்காமலே விட்டார்கள். மடிப்பு இருமுனையத்தின் மின்மறுப்பு ஏறக்குறைய 300 ஓம். உருண்டைக் கேபிளின் மின்மறுப்பு 75 ஓம். இரண்டையும் நேராக முறுக்கிக் கட்டினால், வந்த திறனில் 100-க்கு 36 பங்கு இணைப்பிலேயே திரும்பிப் போய்விடும். நடுவில் கட்டைவிரல் அளவிலான பொருத்துமாற்றி ஒன்று வேண்டும். கடைக்காரர்கள் அதைப் 'பேலன்' என்பார்கள். அதை விட்டுவிட்டுப் பூஸ்டர் வாங்குவது, ஓட்டைக் குடத்தை அடைக்காமல் கிணற்றை ஆழப்படுத்துவது போன்றது.

ஆண்டெனாக் குழாயில் அலுமினியத் தட்டையோ எவர்சில்வர் கிண்ணத்தையோ கட்டினால் படம் தெளியும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். எவர்சில்வருக்குப் பேர்போன சேலத்துக்குப் பொருத்தமான நம்பிக்கைதான்! ஆனால் 4.6 மீட்டர் நீள அலைக்கு 30 செ.மீ. தட்டு ஒரு தடையுமல்ல, துணையுமல்ல. கடலலைக்கு முன் ஊன்றிய குச்சி அது. அப்படியானால் கட்டியவர்கள் கண்ட தெளிவு பொய்யா? பெரும்பாலும் பொய்யல்ல. தட்டைக் கட்ட ஒருவர் மேலே ஏறுகிறார், குழாயைப் பிடிக்கிறார், கூடு சற்றுத் திரும்புகிறது, மழையிலும் வெயிலிலும் பச்சை பூத்திருந்த இணைப்புத் திருகு அசைந்து, உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. படம் தெளிகிறது. புகழ் தட்டுக்குப் போகிறது.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். கேள்வி ஆண்டெனாவைப் பற்றியது மட்டுமல்ல. எது சான்று என்பதைப் பற்றியது. "நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் சென்னை தெரிந்தது" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. ஆனால் அதை நம்பி அடுத்த வீட்டுக்காரர் அதே மாதிரி ஆண்டெனாவை வாங்கியது சரியா?

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. சென்னைக்கும் சேலத்துக்கும் நேர்கோட்டுத் தொலைவு ஏறக்குறைய 280 கி.மீ. தொலைக்காட்சி அலைகள் ஒளியைப்போல நேரே செல்பவை. காற்று மண்டலம் அவற்றைச் சிறிதே வளைக்கும். இந்த வளைவையும் சேர்த்து ஓர் எளிய சூத்திரம் உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து எத்தனை கி.மீ. எட்டும் என்பது கிடைக்கும். ஒளிபரப்பும் கோபுரத்துக்கும் உங்கள் ஆண்டெனாவுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டவேண்டும். கோபுரம் 200 மீட்டர் என்று கொண்டால் 58 கி.மீ.; உங்கள் ஆண்டெனா 10 மீட்டர் என்றால் 13 கி.மீ. மொத்தம் 71. மீதி 200 கி.மீ.க்கும் மேல் பூமியின் முதுகு மறைக்கிறது. அது போதாதென்று, அஸ்தம்பட்டியிலிருந்து சென்னைத் திசையில், அதாவது வடகிழக்கில், சேர்வராயன் மலையின் சரிவும் அதற்கப்பால் சித்தேரி, கல்வராயன் மலைகளும் குறுக்கே நிற்கின்றன.

ஆனாலும் சில இரவுகளில் படம் வந்திருக்கக் கூடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும்போது, அலைகள் அந்த இரண்டுக்கும் இடையே குழாயில் செல்வதுபோல் நெடுந்தூரம் செல்லும். கடலுக்குமேல் இது அடிக்கடி நடக்கும். 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைத் தமிழகக் கடற்கரை ஊர்களில் பலரும் பார்த்ததற்கு, அந்நாட்டு மலை உச்சிகளின் உயரத்தோடு இதுவும் ஒரு காரணம். மே முதல் ஆகஸ்டு வரை, வானில் 100 கி.மீ. உயரத்தில் அயனித் திட்டுகள் தோன்றி, ஆயிரம் கி.மீ.க்கு அப்பாலுள்ள நிலையங்களைக்கூடத் தாழ்ந்த அலைவரிசைகளில் சில நிமிடங்கள் காட்டிவிட்டு மறைவதும் உண்டு. இவையெல்லாம் வானிலையின் வேலை. ஆண்டெனாவின் பெருமையல்ல.

கொடைக்கானலின் கதை வேறு. 1980-களில் அங்கே உயர்திறன் ஒளிபரப்பி அமைந்தபோது சேலத்தாரின் நம்பிக்கைக்குப் பௌதிகமும் துணை நின்றது. அம்மலை நம் சமவெளிக்குமேல் ஏறக்குறைய 1900 மீட்டர் உயர்ந்து நிற்பது. சூத்திரத்தில் போட்டால் 180 கி.மீ.; உங்கள் 10 மீட்டர் ஆண்டெனாவுக்கு 13 சேர்த்தால் 193. சேலத்துக்கும் கொடைக்கானலுக்கும் நேர்த் தொலைவு சுமார் 173. விளிம்பில்தான், ஆனால் எல்லைக்குள். வரைபடத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து கோடு போட்டுப் பாருங்கள்; அது கஞ்சமலைக்கும் ஜருகுமலைக்கும் இடையிலுள்ள வாயிலில் நுழைந்து தென் தென்மேற்காகப் போகிறது. கஞ்சமலை மறைக்கும் தெருவில் இருந்தவருக்கும் அடுத்த தெருக்காரருக்கும் படம் வேறுபட்டதில் வியப்பில்லை. இருவரும் ஆண்டெனாக் கம்பெனியைக் குறை கூறியிருப்பார்கள், குற்றம் மலையுடையது.

எனவே ஒரு கருவி நல்லதா என்று அறிய ஒரே வழி: ஒரே மாலையில், ஒரே மாடியில், இரண்டையும் கட்டி, கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பது. அதிலும், கீழே திரையைப் பார்த்து மதிப்பெண் போடுபவருக்கு இப்போது எது செருகப்பட்டிருக்கிறது என்று தெரியக்கூடாது. மருந்துகளைச் சோதிக்கும் முறை இது. ஆண்டெனாவுக்கு இதைச் செய்தவர் எத்தனை பேர்?

அரசின் பக்கமும் ஒரு விமர்சனம் உண்டு. இன்சாட்-1பி துணைக்கோள் 1983 ஆகஸ்டில் ஏவப்பட்டது. அதன் துணையோடு 1984-இல் சில மாத காலம் நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் சிறு ஒளிபரப்பிகள் நாடெங்கும் அமைந்தன. மக்கள்தொகை 1 லட்சத்தைத் தாண்டிய நகரங்கள் முதல் குறி. 100 வாட் திறன். நகரமும் அதன் சுற்றுப்புறமும் காண அது போதும். பொறியியல் சாதனை என்றே இதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சிறு ஒளிபரப்பிகள் துணைக்கோள் வழியாக வந்த டில்லி நிகழ்ச்சிகளையே பெரிதும் மறு ஒளிபரப்புச் செய்தன. தன் ஊரிலேயே கோபுரம் வைத்திருந்த தமிழர், அதில் தெளிவாக வந்த இந்தியை விட்டுவிட்டு, தெளிவில்லாத தமிழுக்காகத் தொலைதூர நிலையத்தை நோக்கிக் கம்பியைத் திருப்பினார். பூஸ்டர் வியாபாரம் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அலையின் வலிமையை அளந்த திட்டக்காரர்கள், அந்த அலையில் எந்த மொழி வருகிறது என்பதை அளக்கவில்லை.

நிழல் படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. மாணவர்களுக்கு அதில் அருமையான கணக்கு ஒன்று இருக்கிறது. மலைகள் சூழ்ந்த சேலத்தில் ஒரே அலை நேராகவும் வரும். மலையிலோ உயர்ந்த கட்டடத்திலோ பட்டுச் சற்றுத் தாமதமாகவும் வரும். அப்போது திரையில் ஒவ்வொரு உருவத்துக்கும் வலப்பக்கம் ஒரு மங்கிய இரட்டைப் பிறவி தோன்றும். 20 அங்குலப் பெட்டியில் திரையின் அகலம் ஏறக்குறைய 40 செ.மீ. இந்த அகலத்தை ஒளிப்புள்ளி 52 மைக்ரோ விநாடியில் கடக்கிறது. நிழல் 3 செ.மீ. தள்ளியிருந்தால் தாமதம் ஏறக்குறைய 4 மைக்ரோ விநாடி. அலை அதற்குள் சென்ற கூடுதல் தூரம் 1.2 கி.மீ. எதிரொலித்த பொருள் நேர் பின்னால் இருந்தால், போக வர என்பதால், 600 மீட்டரில் நிற்கிறது. ஓர் அளவுகோலைத் திரைமீது வைத்து, தெருவுக்கு அப்பால் உள்ள குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம்! இதற்கு மருந்து பூஸ்டர் அல்ல. அது நிழலையும் சேர்த்தே பெருக்கும். பின்னாலிருந்து வருவதை நன்றாக ஒதுக்கும் எதிரொளிப்பானும், கூட்டைச் சில பாகை திருப்பிப் பார்க்கும் பொறுமையுமே மருந்து.

இப்போது அந்த மெல்லிய அட்டைக்கு வருவோம். 'எச்.டி.' ஆண்டெனா என்று ஒன்று இல்லை. உலோகத்துக்குத் தன்மேல் விழும் அலை அனலாகா டிஜிட்டலா என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது அதிர்வெண் ஒன்றே. விளம்பரங்களில் 200 மைல், அதாவது 320 கி.மீ. எட்டும் என்று எழுதுகிறார்கள். 300 மீட்டர் கோபுரத்துக்கும் 10 மீட்டர் மாடிக்கும் மேற்சொன்ன சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், 84 கி.மீ.க்கு மேல் வராது. அதுவும் சன்னலில் ஒட்டிய அட்டைக்கு அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு செழிப்பாக உள்ளது. அங்கே நகரத்துக்குள் இருப்பவருக்கு இந்த அட்டை உண்மையிலேயே பயன்படும். நம் நாட்டில் தூர்தர்ஷன் 2016-இல் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக்கு அறிவித்த 16 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது சென்னை மட்டுமே. சேலத்து வீட்டில் இந்த அட்டை எதைப் பிடிக்கும்? வராத விருந்தாளிக்காக வாசலில் காத்திருக்கும். பணத்தைப் போட்டு ஏமாறுவோர் பெரும்பாலும் கேபிள் கட்டணத்தை மிச்சப்படுத்த நினைக்கும் எளிய குடும்பத்தினர் என்பதுதான் இதில் வருத்தத்துக்குரியது.

சந்தா இல்லாமல் பார்க்கும் வழி வேறு இருக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவசத் துணைக்கோள் சேவை, இன்று டி.டி. ஃப்ரீ டிஷ் எனப்படுவது, கிழக்கு 93.5 பாகையில் நிற்கும் துணைக்கோளிலிருந்து வருகிறது. தட்டு வாங்கும்முன் உங்களுக்கு வேண்டிய தமிழ்ச் சானல்கள் அதில் உண்டா என்று பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்; அதன் நிரலில் இந்தியே மிகுதி. பழைய குறை வேறு உருவில் தொடர்கிறது என்றே சொல்ல வேண்டும். அஸ்தம்பட்டியிலிருந்து அத்துணைக்கோளின் திசை வடக்கிலிருந்து வலமாக 126 பாகை, அதாவது ஏறக்குறைய நேர் தென்கிழக்கு. உயரக் கோணம் 67 பாகைக்குச் சற்று மேல். இவ்வளவு உயரத்தில் நோக்குவதால், வடக்கே நிற்கும் ஏற்காட்டு மலையோ தெற்கே நிற்கும் ஜருகுமலையோ குறுக்கிடாது. பக்கத்து வீட்டுத் தென்னை மட்டும் குறுக்கிடலாம். சிறிய தட்டுகளில் ஏற்பி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் ஒதுங்கியிருக்கும். ஆகவே தட்டு பார்ப்பதற்கு 67 பாகையைவிட மிகவும் தாழ்வாக நிமிர்ந்திருப்பது போலத் தோன்றும். அது பிழையென்று எண்ணி நிமிர்த்திவிடாதீர்கள்.

பழைய கம்பிக் கூட்டை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடிக் காற்றுக்கு முன் அதை இறக்கிவிடுங்கள். முப்பது நாற்பது ஆண்டு துருவேறிய குழாய் அடியில்தான் முதலில் ஒடியும். ஒடிந்தால் தெருவில் போகும் மின்கம்பிமேல் சாயும் வீடுகள் உண்டு. இறக்கும்போது இருவர் வேண்டும். மின்கம்பி குழாயின் நீளத்துக்குள் இருந்தால், மின்வாரியத்தாரிடம் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும். கோடை இடி முழங்கும் மாலையில் மாடிக்குப் போகவே வேண்டாம். இறக்கிய அலுமினியத்தைப் பழைய சாமான்காரருக்குப் போடுமுன், பள்ளி மாணவர் யாரேனும் வீட்டில் இருந்தால் ஒரு கம்பியை அவருக்குக் கொடுங்கள். 1.42 மீட்டருக்கு வெட்டி, நடுவில் பிளந்து, ஒரு பண்பலை வானொலியின் ஏரியல் முனைகளில் இணைத்தால் 100 மெகாஹெர்ட்ஸுக்கு அரையலை இருமுனையம் தயார். மலைக்கு அப்பாலுள்ள தர்மபுரி நிலையத்தை வைத்து, கம்பியைப் படுக்கையாகவும் செங்குத்தாகவும் பிடித்து, மெல்லத் திருப்பி, எப்போது ஒலி தெளிகிறது, எப்போது இரைகிறது என்று அவரே குறித்துக்கொள்ளட்டும்.